கெங்கம்மாளின் முட்டியும் இரண்டு ஊசிக்காரர்களும்

கெங்கம்மாளுக்குப் பிடித்தவர்கள் என்று இந்த உலகத்தில் யாரும் கிடையாது. போனால் போகட்டும் என்று அவள் சகித்துக்கொண்டவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அவர்களில் அவள் புருஷன் தட்சிணாமூர்த்தி சேர்த்தியில்லை.

ஆவடியில் ராணுவத்துக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்கு வேலை. தைத்து முடித்த சட்டையும் கால்சட்டையும் அவள் நிற்கும் மேஜைக்குத்தான் வந்து சேரும். புரட்டுவாள், இழுப்பாள், தையலை நகத்தால் நெருடிப் பார்ப்பாள். சரியில்லை என்றால் கீழே கிடக்கும் கூடைக்கு எறிவாள். அந்த எறிதலில் தைத்தவளுடைய தாய் தகப்பனையும் சேர்த்து எறிகிற மாதிரி ஒரு தினுசு இருக்கும்.

"இத்த தச்சிக்கீறியா, இல்ல சொம்மா ஒட்டிக்கினு வந்தியா? போட்டுக்கினு ஒரு தபா குந்துனான்னா, அவன் மானம் பூடும்" என்பாள்.

தைக்கிற பெண்கள் அவளுக்கு 'ரிஜெக்ட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் எட்டியது. அவளுக்கு அதில் வருத்தமில்லை. வேலையைத் தெரிந்துகொள்ளத் துப்பில்லாதவர்கள் பெயர் வைக்கவாவது தெரிந்து வைத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் பிறந்து வளர்ந்தது பக்கத்திலேயே, அண்ணனூரில். அப்பன் ரயில் பெட்டிகளைக் கழுவும் வேலையில் இருந்தவர். தையல் பரீட்சை தேறி, இருபது வயது தாண்டியதும் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டாள். தட்சிணாமூர்த்தி பீரங்கி வண்டி செய்யும் தொழிற்சாலையில் ஸ்டோர் ஆள். மத்திய அரசு வேலை, குவார்ட்டர்ஸ் உண்டு, குடியில்லை. இந்த மூன்றையும் சொல்லித்தான் கட்டிவைத்தார்கள். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவன் விரலிலிருந்த செம்பு மோதிரத்தைக் காட்டி, இது உடம்புச் சூட்டை உறிஞ்சி எடுத்துவிடும் என்று அவளிடம் மெல்லிய குரலில் சொன்னான். கெங்கம்மாள் மோதிரத்தைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். அவனைப் பற்றிய அவளுடைய அபிப்பிராயம் அன்றைக்கு உருவானது. பிறகு அதை மாற்றிக்கொள்ள அவன் ஒரு சந்தர்ப்பமும் தரவில்லை.

மோதிரத்துக்குப் பிறகு காந்த பெல்ட் வந்தது. பிறகு அருகம்புல் சாறு. அவனுக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்ததும் வீடு சந்தையாயிற்று. எவனோ சொன்னான் என்று பாகற்காயை நசுக்கித் தாம்பாளத்தில் பரப்பி, அதன்மேல் ஏறி அரைமணி நேரம் நின்றான். வாய் கசக்கும்வரை நிற்க வேண்டுமாம்.

"கசக்குதா?" என்று கேட்டாள் கெங்கம்மாள்.

"லைட்டா கசக்கிறாப்ல கீது."

"எனக்கு உன்ன கட்டிக்கினதுல இருந்தே கசக்குது. நான் எதும்மேலயும் ஏறி நிக்கல."

இப்படியெல்லாம் செய்தாலும் டாக்டர் கொடுத்த மாத்திரையை அவன் நிறுத்தவில்லை. அந்த அளவுக்கு மூளை மிச்சமிருந்தது. அவன் ஓய்வு பெற்ற பிறகு அதுவும் காலியாகத் தொடங்கியது. வேலைக்குப் போகாத மனுஷனுக்குக் கையில் செல்போன் கிடைத்தால், வைத்தியம் சொல்கிற அத்தனை பேரும் அதற்குள்ளிருந்து எழுந்து வருவார்கள். அவனுக்கும் வந்தார்கள்.

இதற்கிடையில் கெங்கம்மாளின் வலது முட்டி வீங்கியது. சிமெண்டுத் தரையில் முப்பது வருஷத்துக்குமேல் நின்ற கால். காலையில் எழுந்தால் மடங்காது. மாலையில் தொட்டால் சூடாக இருக்கும். ரயில் நிலையத்தின் மேம்பாலப் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு காலாக வைத்து அவள் ஏறும்போது, பின்னால் வருகிற கூட்டம் உச்சுக் கொட்டும். மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கினாள். ஒன்று போதாமல் இரண்டானது. ஒரு வருஷம் அப்படி ஓடியதும் காலும் முகமும் உப்பிக்கொண்டன. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், சிறுநீரகம் சோர்ந்துபோயிருக்கிறது, இனி அந்த மாத்திரையைக் கையால்கூடத் தொடக் கூடாது என்றார். எலும்பு டாக்டர், மூட்டு தேய்ந்திருக்கிறது, எடையைக் குறையுங்கள், தொடைக்குப் பயிற்சி செய்யுங்கள், முடியாதபோது மாற்று மூட்டு வைக்கலாம் என்றார்.

அவள் மகள் கனிமொழி பூந்தமல்லியில் அடுக்குமாடி வீட்டில் இருந்தாள். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவள்தான் அக்குபங்சர் என்று முதலில் பேச்செடுத்தாள். "அம்பத்தூர்ல ஒரு டாக்டர் இருக்காங்கம்மா. எம்.பி.பி.எஸ். படிச்சிட்டு இதையும் படிச்சவங்க. சும்மா ஒரு தடவ பாரேன்."

"ஊசிய குத்துனா வலிக்கும்டி. வலி போறதுக்கு ஊசின்னு எவன்டி சொன்னான்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தட்சிணாமூர்த்திக்கு இது தேனாக இருந்தது. "அம்பத்தூரு இன்னாத்துக்கு? எங்க ஹீலர் பாடில கீறாரு. அவரும் அக்குபங்சருதான், ஆனா ஊசிகூட குத்த மாட்டாரு. தொட்டாலே போதும்" என்றான்.

எங்க ஹீலராம். ஆள் எப்போது குடும்பத்தில் சேர்ந்தான் என்றே அவளுக்குத் தெரியவில்லை. நேரில் பார்த்தால்தானே திட்ட வசதி என்று ஒரு சனிக்கிழமை புருஷனோடு கிளம்பிப் போனாள்.

பாடி மேம்பாலத்துக்குப் பக்கத்தில், லாரி உதிரிபாகக் கடைகளுக்கு மேலே ஒரு மாடி. கீழே டயரும் கிரீஸும் நாறின. மேலே ஊதுவத்தி நாறியது. ஹீலர் இளங்கோ வெள்ளை ஜிப்பாவில், வாழ்க்கையில் ஒருநாளும் பஸ்ஸுக்கு ஓடாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். முன்பு வீடு வீடாகப் போய் தண்ணீர் சுத்தப்படுத்தும் மெஷின் விற்றவன். இப்போது தண்ணீரைச் சுத்தம் செய்யவே கூடாது என்று பேசுகிறவன். வரிசையில் இருந்தவர்கள் அவனை ஐயா என்றார்கள்.

அவள் மணிக்கட்டில் விரல் வைத்துக் கண்ணை மூடினான். பிறகு காலில் ஒரு இடத்தைத் தொட்டான். "முடிஞ்சிதும்மா" என்றான்.

"இன்னா முடிஞ்சிது?"

"உடம்புக்குச் சொல்லிட்டேன். இனிமே அதுவே பார்த்துக்கும். ஒரு மாத்திரையும் சாப்பிடாதீங்க. நோய்னு உலகத்துல ஒண்ணும் கிடையாது. எல்லாம் கழிவுத் தேக்கம்."

"நீ இன்னா படிச்சிக்கீற?"

தட்சிணாமூர்த்தி அவள் முழங்கையை இழுத்தான். இளங்கோ சிரித்தான். "இயற்கைதாம்மா என் பள்ளிக்கூடம்."

"அது எந்த ஊர்ல கீது?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு, பிறகு பயந்து இருமினார்கள். கெங்கம்மாள் எழுந்து படியிறங்கினாள். முட்டி அதே வலிதான் வலித்தது. தட்சிணாமூர்த்தி மட்டும் மேலேயே தங்கிவிட்டான். ஐயாவிடம் அவளுக்காக மன்னிப்புக் கேட்டிருப்பான்.

அம்பத்தூர் டாக்டரிடம் போவதற்கு அவள் ஒத்துக்கொண்டதற்குக் காரணம் நம்பிக்கை அல்ல. மேஜையில் நிற்க முடியாமல் ஒருநாள் ஸ்டூல் கேட்க வேண்டியதாயிற்று. யார் தைத்ததைக் கெங்கம்மாள் அதிகம் எறிந்தாளோ, அவள்தான் ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். போடும்போது ரொம்ப மரியாதையாகப் போட்டாள். அந்த மரியாதையைக் கெங்கம்மாளால் பொறுக்க முடியவில்லை.

டாக்டர் சௌம்யா சின்னப் பெண். ஊதுவத்தி இல்லை, ஐயா இல்லை. எக்ஸ்ரேயைப் பார்த்தாள், ரத்தப் பரிசோதனையைப் பார்த்தாள், முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

"அம்மா, ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். தேஞ்ச எலும்பு இதால வளராது. வலி கொஞ்சம் குறையலாம். வீக்கமும் கொஞ்சம் அடங்கலாம். கேரண்டி கிடையாது."

கெங்கம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. விற்க வந்தவள் சரக்கைத் தானே குறை சொல்கிறாள். "குறையலாம்னா? குறையுமா, குறையாதா?"

"சில பேருக்குக் குறையுது. சில பேருக்கு ஒண்ணும் ஆகறதில்ல."

"ஊசிய குத்துனா எப்டி வலி குறையும்? அத்த சொல்லு."

"குத்தற இடத்துல நரம்பு தூண்டப்படும். அந்தச் சேதி முதுகுத்தண்டு வழியா மூளைக்குப் போகும். வலியைக் குறைக்கற பொருள் நம்ம உடம்புக்குள்ளயே இருக்கு. மூளை அதைக் கொஞ்சம் திறந்து விடும். அப்புறம், கால்ல ஒரு இடத்துல லேசா கரண்ட் கொடுத்தா, உடம்புல வீக்கத்தைக் கிளப்பற பொருட்கள் குறையறதை எலிகிட்ட பார்த்திருக்காங்க. மனுஷங்ககிட்ட அது இன்னும் அவ்வளவு தெளிவா தெரியல."

"எலிக்கு முட்டி வலிக்கிதுன்னு எலி வந்து சொல்லிச்சா?"

சௌம்யா சிரித்தாள். "இன்னொண்ணும் சொல்லிடறேன். ஆராய்ச்சிக்காகப் பாதிப்பேருக்கு நிஜமா குத்தி, பாதிப்பேருக்குக் குத்தற மாதிரி பாவனை பண்ணியிருக்காங்க. பாவனை பண்ணவங்களுக்கும் வலி கொஞ்சம் குறைஞ்சிருக்கு."

"அய்யே! அப்ப நீ நெசமா குத்தப் போறியா, பாவலா காட்டப் போறியா?"

"நிஜமாத்தான்."

"குத்து. முட்டி போற போக்குல இதும் போவட்டும்."

ஊசி முடிபோல இருந்தது. முட்டியைச் சுற்றியும் கெண்டைக்காலிலும் ஏற்றினாள். குத்தியது தெரியவில்லை, ஆனால் உள்ளே போனதும் ஒரு கனம் பரவியது. பிறகு ஊசிகளின் தலையில் சின்னக் கிளிப் மாட்டி, ஒரு பெட்டியின் குமிழைத் திருகினாள். தசை தானாகத் துள்ளியது. தன் கால் தன்னைக் கேட்காமல் துள்ளுவதைக் கெங்கம்மாள் வெறுப்போடு பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இறங்கும்போது, தொடைப் பயிற்சி செய்கிறீர்களா என்று டாக்டர் கேட்டாள். இல்லை என்றாள். செய்யாவிட்டால் வர வேண்டாம் என்று டாக்டர் சொன்னது அவளுக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது.

முதல் சில தடவைகள் ஒன்றும் ஆகவில்லை. அதில் அவளுக்கு ஒரு நிம்மதி. அப்புறம் ஒருநாள் வேலை முடிந்து அம்பத்தூருக்கு ரயிலேற வந்தவள், மேம்பாலத்தின் உச்சிக்கு வந்த பிறகுதான் கைப்பிடியைப் பிடிக்காமலே ஏறியிருப்பதைக் கண்டாள். அங்கேயே நின்றுவிட்டாள். கீழே மின்சார ரயில் வந்து நின்றது, கிளம்பியும் போனது. அவள் முட்டியைக் குனிந்து பார்த்தாள். மானங்கெட்ட முட்டி. டாக்டர் பாஷையில் பேசியபோது மடங்கவில்லை, கும்பிட்டபோது மடங்கவில்லை, எலிக்குச் செய்த வித்தையைச் செய்ததும் மடங்கிவிட்டது. அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. தராதரமில்லாத ஆளிடம் கடன்பட்டுவிட்ட மாதிரி இருந்தது.

வலி முழுக்கப் போய்விடவில்லை. முன்பு கத்திக்கொண்டிருந்தது இப்போது முணுமுணுத்தது, அவ்வளவுதான். பயிற்சியால் வந்த பலம் எவ்வளவு, ஊசியால் வந்தது எவ்வளவு என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. டாக்டருக்கும் தெரியவில்லை. அதை அந்தப் பெண் ஒத்துக்கொண்டாள்.

வீட்டில் அவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் தட்சிணாமூர்த்திக்குக் கண் இருந்தது. சமையலறையில் அவள் குந்தி உட்கார்ந்து எழுந்ததைப் பார்த்துவிட்டு வாசலில் வந்து நின்றான்.

"இன்னாமே, நல்லா குந்துற? ஊசி வேல செய்யுது போல கீது?"

"உனுக்கு இன்னா?"

"இல்ல, ஊசி வேல செய்யுதுன்னா எங்க ஹீலர் சொல்றதும் கரீட்டுதான? ரெண்டும் ஒண்ணுதான? அவரு இன்னும் ஒசத்தி. ஊசியே வேணாங்கறாரு. நானும் அவரு சொன்ன மேரிக்கி மாத்திரைய நிறுத்திடலாம்னு கீறேன்."

அவனிடம் சொல்ல எத்தனையோ இருந்தது. ஊசி குத்துகிறவள் ஒரு மாத்திரையையும் நிறுத்தச் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். வலிக்குச் செய்கிறது வேறு, சர்க்கரை வேறு என்று சொல்லியிருக்கலாம். பாகற்காயில் ஏறி நின்ற மனுஷனிடம் உட்கார்ந்து பேசுவது கேவலம் என்று அவளுக்குத் தோன்றியது. பேசி என்ன ஆகப் போகிறது? இன்று ஹீலர், நாளைக்கு வேறு எவனாவது.

"தொலை" என்றாள். அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அவன் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டான்.

மழைக்காலம் வந்து போனது. தட்சிணாமூர்த்தி இளைத்தான். தண்ணீர் தண்ணீராகக் குடித்தான். உடம்பு லேசாகிவிட்டது என்று எதிர்வீட்டில் பெருமை பேசினான். பொங்கல் சமயத்தில் புதுச் செருப்பு வாங்கினான். பிறகு வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட ஆரம்பித்தான். பனி என்றான். கெங்கம்மாள் கேள்வி கேட்கவில்லை. பைத்தியத்தில் இது புது வகை என்று விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி துவைக்கப் பொறுக்கும்போது அந்தச் சாக்ஸ் அவள் கையில் வந்தது. விரல் பக்கம் விறைத்துப்போயிருந்தது. மூக்குக்குக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவள் சாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டே கூடத்துக்கு வந்தாள். தட்சிணாமூர்த்தி டி.வி. பார்த்துக்கொண்டிருந்தான்.

"காலக் காட்டு."

"ஒண்ணுல்ல மே. செருப்பு கட்சிது."

"காலக் காட்டுய்யா!"

இரண்டாவது விரல் கருத்திருந்தது. அதன் அடியிலிருந்து சீழ் வழிந்து பாதத்தின் பாதிவரை சிவந்து மினுமினுத்தது. அவள் விரலை அழுத்தினாள். அவன் டி.வி.யைப் பார்த்துக்கொண்டேயிருந்தான். அழுத்தியதே அவனுக்குத் தெரியவில்லை.

"எத்தினி நாளா கீது?"

"ஹீலர்கிட்ட காமிச்சேன். கயிவு வெளிய வருது, நல்லதுன்னாரு. மருந்து போட்டா உள்ளயே நின்னுடுமாம்."

நூறு கால்சட்டையில் ஒரு தையல் தப்பினால் கண்டுபிடிக்கிறவள். ஒரே கூரையின் கீழ், ஒரே தட்டில் கைகழுவுகிற மனுஷனின் காலை மாசக்கணக்கில் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தகுந்த ஆளாக அவனை நினைக்காததுதான் காரணம். அது அவளுக்கு அப்போதே தெரிந்தது. தெரிந்ததால் இன்னும் கோபம் வந்தது. "கட்டைல போறவனே" என்று அவன் தலையில் அந்தச் சாக்ஸாலேயே அடித்தாள். அடித்துவிட்டு ஆட்டோவுக்குப் போன் செய்தாள்.

பெரியாஸ்பத்திரியில் விரலை எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பாதம் போயிருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர். யார் மாத்திரையை நிறுத்தச் சொன்னது என்று அவர் கேட்டபோது தட்சிணாமூர்த்தி சுவரைப் பார்த்தான். கனிமொழி அழுதாள். கெங்கம்மாள் அழவில்லை. வார்டில் படுத்திருந்த அவனுக்கு இட்லியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டே, மெதுவான குரலில், மூச்சு விடாமல் திட்டினாள். அடுத்த கட்டில்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு அவர்களுக்கே அது பழகிப்போய், அவள் கேன்டீனுக்குப் போனால் எப்போது வருவாள் என்று பார்த்தார்கள்.

அவன் வீடு திரும்பிய பிறகு, மாசா மாசம் பாடியில் ஒரு சின்ன மண்டபத்தில் நடக்கும் ஹீலரின் கூட்டத்துக்கு அவள் போனாள். யாரிடமும் சொல்லவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. படித்தவர்கள்தான் அதிகம். முன்வரிசையில் கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க இரண்டு பேர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். இளங்கோ பேசி முடித்து, குணமானவர்கள் அனுபவம் சொல்லலாம் என்று மைக்கை நீட்டினான். கெங்கம்மாள் போய் வாங்கிக்கொண்டாள்.

"என் ஊட்டுக்காரு பேரு தட்சிணாமூர்த்தி. உங்க எல்லாருக்கும் தெரியும். போன மாசம்கூட இங்க வந்து குந்திக்கினு இருந்தாரு. இவரு பேச்ச கேட்டுக்கினு சக்கர மாத்திரைய நிறுத்துனாரு. கால்ல சீழ் வச்சிது. கயிவு வெளிய வருதுன்னாரு இந்தாளு. இப்ப ஒரு வெரலு இல்ல. அந்த வெரலும் கயிவுதானா, கேட்டு சொல்லுங்க."

இளங்கோ பதறவில்லை. கண்ணில் கருணையை வரவழைத்துக்கொண்டான். "அம்மா, அவருக்கு உள்ளுக்குள்ள பயம் இருந்திருக்கு. முழு நம்பிக்கை வைக்கல. பாதியில ஆங்கில மருத்துவத்துக்குப் போயிட்டீங்க. வெட்டினது அவங்க. நாங்க வெட்டல."

சிலர் கைதட்டினார்கள். ஆபீஸ் அட்டைக்காரன் ஒருவன் எழுந்து, எந்த மருந்துக் கம்பெனி அனுப்பியது என்று அவளைக் கேட்டான். யாரோ மைக்கை அணைத்தார்கள். கெங்கம்மாள் அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நல்ல சட்டை, நல்ல கண்ணாடி, கழுத்துக்குமேல் ஒன்றுமில்லை. "தூ" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். துப்பவில்லை. அந்தத் தரையைக் கூட்டுகிறவள் வேறு எவளோ என்பதால் துப்பவில்லை.

படியிறங்கும்போது பின்னாலிருந்து ஒருத்தி கூப்பிட்டாள். பெயர் அஞ்சலை, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பெருக்குகிறவள். முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"யக்கா, எங்க அம்மாவுக்கு பிரசரு கீது. போன வாரந்தான் மாத்திரைய நிறுத்த சொன்னாரு. தல சுத்துதுன்னு படுத்தே கீது."

"நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேங்கா."

கெங்கம்மாளுக்கு அவளையும் திட்டத்தான் வாய் வந்தது. அறிவு கீதா உனக்கு என்று ஆரம்பித்தும்விட்டாள். பிறகு, தன் வீட்டு அடுப்படியில் தான் சொன்ன ஒற்றை வார்த்தை நினைவுக்கு வந்தது. திட்டை நிறுத்திக்கொண்டு, அஞ்சலையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அன்றைக்கே இருவரும் அந்தக் கிழவியை அரசு சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள். வழியெல்லாம் கெங்கம்மாள் பேசினாள். பொறுமையாகப் பேசியதாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொன்னாள்.

தட்சிணாமூர்த்தி நிறையவே மாறினான். மாறிய விதம்தான் சகிக்கவில்லை. இப்போது ஊசி என்றாலே அயோக்கியத்தனம் என்றான். அம்பத்தூருக்கு அவள் கிளம்பினால் வழியை மறித்துக்கொண்டு நின்றான்.

"எல்லாம் பித்தலாட்டம் மே. நீயும் நிறுத்திடு. நான் பட்டது பத்தாதா?"

"நேத்து வரைக்கும் தொட்டாலே போதும்ன. இன்னிக்கி எல்லாம் பித்தலாட்டமா? நடுவுல நிக்கவே மாட்டியாய்யா நீ?"

அன்று அவள் திரும்பிக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். எலி, கரண்டு, பாவனை ஊசி, தேய்ந்த எலும்பு வளராது என்பது, குறையலாம் என்பது, எல்லாவற்றையும் சொன்னாள். தட்சிணாமூர்த்தி வாயைப் பிளந்து கேட்டான். முடிவில், "அப்ப வேல செய்யுதா இல்லியா?" என்றான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் அம்பத்தூரில், ஊசிகளை எடுத்துவிட்டு, டாக்டர் சௌம்யா கொஞ்சம் தயங்கிக்கொண்டே கேட்டாள். "அம்மா, உங்களுக்கு நல்லா குறைஞ்சிருக்கு. ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கலாமா? நீங்க பேசினா நாலு பேருக்குத் தைரியமா இருக்கும்."

கெங்கம்மாள் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"நான் இன்னான்னு பேசுறது?"

"வலி குறைஞ்சிருக்குன்னு."

"நான் குறைஞ்சிக்கீதுன்னு சொன்னா, கேக்கறவன் போயே பூட்ச்சின்னு கேப்பான். பக்கத்தூட்டுல சொல்லும்போது கேன்சரே பூடும்ன்வான். அதுக்கப்பறம் எவனாச்சும் ஒரு கேனையன் மாத்திரைய தூக்கி குப்பைல போடுவான். எனக்கு எங்க ஊட்ல ஒருத்தன் போதும்."

"குறையலாம்னுதானே சொல்லப் போறீங்க? கேரண்டி இல்லன்னும் சொல்லுங்களேன்."

"அத்த சொன்னா எவன் பாப்பான்?"

சௌம்யா போனை மேஜை டிராயருக்குள் வைத்துவிட்டு, அடுத்து எப்போது வர வேண்டும் என்று சொன்னாள். கெங்கம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டாள். அன்று ஈரக்காற்று அடித்ததில் முட்டி லேசாக முணுமுணுத்தது. அதற்கும் ஒரு வசவு வைத்துவிட்டு, ஆவடி போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினாள். உள்ளே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, "இன்னா, மொத்த சீட்டும் உங்க அப்பன் ஊட்டுதா? நவுரு" என்றாள்.